மீதி மாத்திரை

மூன்றாம் நாள் முக்கூடலுக்குப் போனேன்.
துக்கம் விசாரிக்க அல்ல,
மீதி மார்ஃபினை எண்ணி வாங்கிவர.
ஆள் இறந்தால் மாத்திரை திரும்ப வேண்டும்,
பதிவேட்டில் அதற்கொரு கட்டம் உண்டு.

தெருவில் பந்தல் பிரித்த குழிகள்
நான்கும் மூடாமல் கிடந்தன.
ஒன்றில் யாரோ சிரட்டையைக் கவிழ்த்திருந்தார்கள்,
பிள்ளைகளின் கால் மாட்டிக்கொள்ளாமல் இருக்க.

தளவாய் பீடிக்கடையில் கழிவு பார்த்தவர்.
கட்டைப் பிரித்து, தட்டி, மோந்து,
இது ஆகாது, இது ஆகாது என்று
பெண்கள் சுற்றியதை ஒதுக்கிய நாக்கு.
அந்த நாக்கில்தான் வந்தது.

"என் பீடியில நூத்துக்குப் பத்து கழிப்பாரு.
கெட்டிக்கிட்ட பொறவு அஞ்சு"
என்று முதல் நாளே சொன்னாள் உச்சிமாளி.
மூவரும் சிரித்தோம்,
அவர் கண்ணால் மட்டும்.
புண்ணின் வாடைக்கு நான் தூவிய
மாத்திரைப் பொடியையும்
அவள் தூள் என்றே சொன்னாள்.
"தூளு தீந்துட்டு சிஸ்டர், அடுத்த வாட்டி கூட கொண்டாங்க."

பேச்சு நின்றபின் அவருக்கு விரல்கள்.
வலி எவ்வளவு? ஏழு.
ராத்திரி? இரண்டு கையையும் விரிப்பார்.
மருந்து ஏறிய வாரம் நான்கு, மூன்று.
கடைசிச் செவ்வாய் கேட்டபோது
விரல்களை மடக்கிக் கையை மூடிக்கொண்டார்.
பூஜ்யம் என்று எழுதினேன்.
அது பூஜ்யமா,
இனி உனக்குச் சொல்வதற்கில்லை என்றதா,
எழுதிய பேனாவுக்கும் தெரியாது.

பாளையங்கோட்டையில் பயிற்சி தந்தார்கள்.
துக்கத்துக்கு ஐந்து படி என்று
பலகையில் வரைந்து காட்டினார் டாக்டர்.
பரீட்சையில் எழுதி முழு மார்க் வாங்கினேன்.
ஆனால் நான் ஆற்றங்கரைக்காரி.
அணை திறந்த அன்று
படித்துறையில் எத்தனை படி என்று கேட்டால்
தண்ணீர்தான் பதில் சொல்லும்.

உச்சிமாளி மடியில் சுளவோடு இருந்தாள்.
இலை இல்லை, தூள் இல்லை.
மாத்திரைகளைச் சுளவில் கொட்டி
இருபத்தைந்தை ஒரு பக்கம் ஒதுக்கினாள்,
ஒரு கட்டு.
அதற்கு மேல் ஐந்து.

என் கணக்கில் முப்பத்தொன்று.
நான் வாய் திறக்குமுன் அவளே:
"எண்ணிக்கை எனக்குத் தப்பாது, கனி சிஸ்டர்.
ஒண்ண நான் முழுங்கிட்டேன்.
நேத்து ராத்திரி.
அவரு வலிய இது எங்க கொண்டுபோய் வச்சுதுன்னு
பாப்பமேன்னுதான்."

"என்ன ஆச்சு?"

"தல சுத்துச்சு. கக்குனேன்.
வலி இருந்த எடத்துலதான் இருந்துச்சு."

கைபிடித்து நாடி பார்த்தேன். எண்பத்து நாலு.
கண்ணை விரித்துப் பார்த்தேன், மூச்சை எண்ணினேன்.
இவையே எனக்குத் தெரிந்தவை.
பயிற்சியில் தந்த வாக்கியங்கள்
பைக்குள்ளே கையுறைக்கு அடியில் எங்கோ கிடந்தன.
பக்கத்து வீட்டிலிருந்து வந்த ரசஞ்சோறு
மூடியபடி இருந்தது.
ஆளுக்கொரு தட்டில் போட்டேன்.
பாதி தின்றாள்.

"கீழே விழுந்து வீணானது: ஒன்று"
என்று எழுதிக் கையெழுத்து வாங்கினேன்.
எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு,
"விழுந்துச்சா?" என்றாள்.
விழுந்துச்சு என்றேன்.

பத்தொன்பது தடவை இந்த வாசலில்
வாரேன் என்று சொல்லித்தான் வண்டியை எடுத்திருக்கிறேன்.
அவரும் கட்டிலில் கிடந்தபடி
ஒரு விரலை ஆட்டுவார்.
இழவு வீட்டில் சொல்லிக்கொள்ளக் கூடாது.
செருப்பை மாட்டினேன்.
அவள் வெறும் சுளவைப் பார்த்தபடி இருந்தாள்.
சாவியைத் தேடுவதுபோல் கொஞ்ச நேரம் நின்றேன்,
சாவி கையில்தான் இருந்தது.

அடுத்த வீடு அரியநாயகிபுரத்தில்.
அங்கே இன்னும் சொல்லலாம்.